‘வருவான்’ என்பது எந்தக் காலம்? ஒரு காலப்பயணக் காதல் நாவலை முன்வைத்து

ஜூன் 2
செம்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “ஆட்ரி நிஃபனெகரின் ‘த டைம் ட்ராவலர்ஸ் ஒய்ஃப்’ படித்து முடித்தேன். கடைசிப் பக்கங்களில் அழுகையை அடக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிய அரை மணி நேரத்தில் அதே அளவுக்குக் கோபம் வந்தது. பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. யாருக்காவது இப்படி ஆனதா?”

ஜூன் 2, இரவு 10.40
ஆனது. அழவைத்ததும் கோபப்படுத்தியதும் அந்த நாவலில் ஒரே விஷயம்தான்: காத்திருத்தல். ஒரு பெண் காத்திருப்பதை இவ்வளவு துல்லியமாக எழுதியவர், அவள் காத்திருக்காமல் இருப்பதற்கு ஒரு வழிகூட வைக்கவில்லை.

படிக்காதவர்களுக்குச் சுருக்கம். முடிவு வரை பேசப்போகிறேன், விரும்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2003இல் வந்த நாவல். ஹென்றி சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். மரபணுக் கோளாறு ஒன்றினால் தன் விருப்பமில்லாமலே காலத்தில் தூக்கி எறியப்படுகிறான். எங்கே போவான், எப்போது திரும்புவான் என்பது அவன் கையில் இல்லை. உடம்பைத் தவிர எதுவும் கூடப் போகாது. ஆடை, காசு, மூக்குக் கண்ணாடி எல்லாம் கிளம்பிய இடத்திலேயே விழுந்து கிடக்கும். கிளேர் காகிதம் செய்யும் கலைஞர். 1977இல் 6 வயதில், மிஷிகனில் தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் 36 வயது ஹென்றியைச் சந்திக்கிறாள். ஹென்றியின் கணக்கில் அவர்களது முதல் சந்திப்பு 1991இல். அவனுக்கு 28, அவளுக்கு 20. அன்று அவளுக்கு அவனைப் பதினான்கு வருடமாகத் தெரியும். அவனுக்கு அவள் யாரென்றே தெரியாது.

அந்த 1991 காட்சி ஒன்றுக்காகவே புத்தகத்தை எடுக்கலாம். குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படாத காட்சி அது.

ஜூன் 3
குழம்பிப் பாதியில் விட்டவர்கள் நிறைய. தேதியும் வயதும் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இருக்கின்றன. ஆனால் எண்களை மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டே 500 பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது. தாளில் போட்டுப் பாருங்கள்.

ஏ4 கிராஃப் தாளைப் படுக்கைவசமாக வையுங்கள். கிடைக்கோட்டில் ஆண்டு, 1963 முதல் 2053 வரை. ஓர் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் எடுத்தால் 180 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். செங்குத்துக் கோட்டில் வயது, அதே அளவில் 0 முதல் 85 வரை. ஹென்றி 1963 ஜூனில் பிறந்தவன். அங்கிருந்து சாய்வாக ஏறும் கோடு அவனுடைய இயல்பான வாழ்க்கை. 1971 மேயில் தொடங்கி கிளேருக்கு இன்னொரு நிறத்தில் ஒரு கோடு. பிறகு படிக்கும்போது ஹென்றி கிளேரிடம் வந்து விழும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புள்ளி: எந்த ஆண்டில் விழுகிறான், அப்போது அவன் வயது என்ன.

தவறு நடக்கும் இடம் இது: பலர் புள்ளியின் உயரத்துக்குக் கிளேரின் வயதைப் போட்டுவிடுகிறார்கள். அவள் ஒருபோதும் தன் கோட்டை விட்டு நகர்வதில்லை, அதனால் புள்ளிகள் எல்லாம் அவள் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்து படம் எதையும் காட்டாது. உயரம் எப்போதும் ஹென்றியின் வயது.

சரியாகப் போட்டால் கண்ணுக்குத் தெரிவது: 1977க்கும் 1989க்கும் இடையில், ஹென்றியின் கோட்டுக்கு வெகு மேலே ஒரு புள்ளிக் கூட்டம். 1977 செப்டம்பரில் அவனுடைய சொந்தக் கோடு 14இல் இருக்கிறது, புள்ளியோ 36இல். 1989 மே முதல் 1991 அக்டோபர் வரை ஒன்றுமில்லை, வெற்றிடம். 2007 தொடக்கத்தில் 43இல் கோடு நின்றுவிடுகிறது. அப்புறம் தாளின் வலது ஓரத்தில், 2053க்கு நேராக, அதே 43 உயரத்தில் ஒற்றைப் புள்ளி.

ஜூன் 3, மதியம்
“முப்பது வயது வித்தியாசமுள்ள ஜோடி” என்று கேள்வி கேட்டவர் அடுத்த செய்தியில் எழுதியிருந்தார். அப்படி இல்லை. நிஜ வித்தியாசம் 8 ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. நம் ஊரில் பெண் பார்க்கிற வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத இடைவெளி. முப்பது வருடமாகத் தெரிவது அந்தப் புல்வெளியில் மட்டும்.

ஜூன் 5
152 தேதிகளைப் பற்றி.

ஹென்றி தான் வரப்போகும் நாட்களின் பட்டியலைக் குட்டி கிளேருக்குச் சொல்லி எழுதவைக்கிறான். அவனுக்கு அந்தத் தேதிகள் எப்படித் தெரியும்? 1991க்குப் பிறகு கிளேர் தன் நோட்டைக் காட்டியதால் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னதால். ஆக, பட்டியலை ‘உண்டாக்கியவர்’ யாருமில்லை. இதை ஓட்டை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டை இல்லை என்பேன். நடந்ததை மாற்ற முடியாது என்ற ஒரே விதியை ஆசிரியர் முதலிலிருந்து கடைசிவரை மீறவில்லை. தன் தாய் விபத்தில் இறந்த இடத்துக்கு ஹென்றி திரும்பத் திரும்பப் போகிறான். ஒரு தடவைகூடத் தடுக்க முடிவதில்லை. அந்த விதி இருந்தால் தொடக்கமில்லாத பட்டியல் சாத்தியம்தான்.

இந்த வகை நாவல்களில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். முதல் பாதியில் “எதையும் மாற்ற முடியாது” என்பார்கள். கடைசி அத்தியாயத்தில் காதலுக்காக ஒரு விதிவிலக்கு கொடுப்பார்கள். அந்த நொடியில் அதுவரை நடந்த எல்லாப் பிரிவுக்கும் அர்த்தம் போய்விடும். அப்போதே மாற்றியிருக்கலாமே என்று படிக்கிறவருக்குத் தோன்றும். நிஃபனெகர் விதிவிலக்குத் தரவில்லை. அதற்கு அவர்மீது எனக்கு மரியாதை.

ஆனால் விதியைக் கறாராகப் பிடித்ததற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது கிளேர். பதின்ம வயதிலேயே அவளுக்குத் தன் கணவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் எடுக்கும் முடிவு எதுவும் முடிவா?

ஜூன் 8
மொழியைப் பற்றி ஒன்று. இதைத்தான் முதலிலேயே எழுத நினைத்தேன்.

ஆங்கில மூலம் முழுக்க நிகழ்காலத்தில் ஓடுகிறது. இருவரும் மாறி மாறித் ‘நான்’ என்று பேசுகிறார்கள். 1977உம் நிகழ்காலம், 2006உம் நிகழ்காலம். அதனால்தான் தலைப்பில் தேதி வேண்டியிருக்கிறது. தமிழில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், வினைச்சொல்லே வேறு ஒரு வேலை செய்கிறது.

“புல்வெளிக்குப் போவேன். பெட்டியில் துணி எடுத்து வைப்பேன். அவன் வருவான்.”

இது என்ன காலம்? முப்பது வயதுப் பெண் தன் சிறுவயதை நினைத்துச் சொன்னால் இது இறந்தகால வழக்கம்: அப்போதெல்லாம் வருவான். ஆறு வயதுக் குழந்தை நாளை நினைத்துச் சொன்னால் எதிர்காலம். பாட்டிமார் பழைய கதை சொல்லும்போது “உங்க தாத்தா ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவார்” என்பதை யாரும் எதிர்காலமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே சொல்லுக்குள் வழக்கமாக வந்ததும் இருக்கிறது, இனி வரப்போவதும் இருக்கிறது. ஹென்றி கிளேரிடம் வருவது துல்லியமாக இப்படித்தான். அவளுக்கு நடந்து முடிந்தது, அவனுக்கு நடக்க இருப்பது. ஆங்கிலத்தில் அந்த எழுத்தாளர் தேதியும் வயதும் போட்டுக் காட்டியதைத் தமிழில் ‘வருவான்’ என்ற ஒரு முற்று தானாகவே காட்டிவிடும்.

ஜூன் 9
இந்தக் காலங்களைத் தமிழில் எப்படிப் பிரிப்பது என்று மொழிபெயர்க்க விரும்பும் ஒருவர் கேட்டதற்கு. நடைமுறையில் இப்படிப் பிரிக்கலாம்.

கிளேரின் குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப நடந்தவற்றுக்கு ‘வருவான், வைப்பேன், சிரிப்பான்’. அங்கே ‘நாளை’, ‘அப்போதெல்லாம்’ போன்ற சொல் எதையும் சேர்க்காதீர்கள், சேர்த்தவுடன் இரட்டைப் பொருள் செத்துவிடும். தேதி போட்ட ஒற்றைச் சம்பவங்களுக்கு மூலத்தைப் போல நிகழ்காலம். நடக்கப்போவது உறுதியாகத் தெரிந்து, பேசுகிறவர் அதை மறைக்கும் இடங்களில் ‘வரப்போகிறான்’.

சிக்கல் நடுவிலுள்ளது. ஆங்கில நிகழ்காலத்தை அப்படியே ‘கிறான், கிறாள், கிறேன்’ என்று மாற்றினால் இருபது பக்கத்தில் காது வலிக்கும். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஒலியில் முடியும். மூன்று நான்கு செயல்களை வினையெச்சத்தில் கோத்து ஒரே முற்றில் முடியுங்கள்: “கதவைத் தள்ளி, ஈரக்காலோடு உள்ளே வந்து, துண்டைத் தேடுகிறான்.” நிற்கும் பொருட்களுக்கு வினையே வேண்டாம்: “மேசைமேல் அவன் சட்டை. பக்கத்தில் கடிகாரம்.” ஹென்றி மறைந்துபோகும் காட்சிகளுக்கு இந்த வினையில்லாத வாக்கியம் மிகப் பொருத்தம். ஆள் போய்விட்டான், துணி கிடக்கிறது.

ஜூன் 9, இரவு
மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். ‘வருவான்’ எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. வழக்கமாக நடந்தது என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்ளக் குறைந்தது இரண்டு மூன்று வாக்கியம் அதே அமைப்பில் தொடர வேண்டும். தனியாக ஒரு ‘வருவான்’ வந்தால் எதிர்காலமாகத்தான் படுகிறது. மேலே கொடுத்த மூன்று வாக்கியத்தில் ‘அவன் வருவான்’ என்பதை மட்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள், தெரியும்.

ஜூன் 12
இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் குழந்தையும் மனைவியும் கிழவியும் அவனை ‘யூ’ என்றே கூப்பிடுகிறார்கள். தமிழில் கிளேருக்கு அந்த வசதி கிடையாது. 6 வயதுக் குழந்தை 36 வயது அந்நியரை ‘நீங்க’ என்றுதான் சொல்லும். கூடவே ஒரு முறை வேண்டும். மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் ‘அங்கிள்’ என்பார்கள், பக்கத்து வீட்டு மராத்திக்காரர் என்றால் ‘காகா’. ஊர்ப்பக்கமாக இருந்தால் ‘மாமா’.

இந்த ‘மாமா’வைக் கொஞ்சம் பாருங்கள். அம்மாவின் தம்பியும் மாமா. அத்தையின் கணவரும் மாமா. மாமனாரும் மாமா. தெருவில் போகும் பெரியவரும் மாமா. பல வீடுகளில் கட்டிய கணவரையும் மாமா என்றே கூப்பிடுகிறார்கள். புல்வெளியில் குழந்தை ‘மாமா’ என்று கூப்பிட்டு, அதே வாயால் இருபது வயதில் அதே ஆளை அதே சொல்லால் கூப்பிட்டால் இலக்கணப்படி எந்தத் தவறும் இல்லை. படிக்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். ஆங்கில மூலம் அந்தப் பிசைதலை மெல்லக் கடந்து போய்விடுகிறது. தமிழ் கடக்க விடாது.

ஆசிரியருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இது தெரிந்திருக்கிறது. கிளேருக்கு 18 நிரம்பும் நாள்வரை ஹென்றி விலகித்தான் நிற்கிறான், 1989 மே 24 என்று தேதியே இருக்கிறது. அவன் அவளைத் தேடிப் போவதும் இல்லை, தூக்கி எறியப்படுகிறான். சட்டத்தின் பார்வையில் நாவல் சுத்தமாக இருக்கிறது. என் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை. ஒரு குழந்தையின் மனம் முழுக்க ஓர் ஆள் நிறைந்துவிட்ட பிறகு, பதினெட்டு நிரம்பியதும் அவளே தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வது எப்படி?

1991இல் அவன் 28 வயது இளைஞனாக, அவளைத் தெரியாதவனாக நிற்கும்போது அவள் ‘நீங்க’ என்பாளா, ‘நீ’ என்பாளா? என் வாக்கு ‘நீ’க்கு. அவளுக்கு அவன் பழையவன், அதே நேரத்தில் அவள் அறிந்த ஆளைவிட மிகவும் சின்னவன். கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு 41. இப்போது பதின்மூன்று வயது குறைந்து எதிரே நிற்கிறான். அவன் திகைத்து ‘நீங்க யாரு?’ என்பான். அவளது ‘நீ’யும் அவனது ‘நீங்க’வும் மோதும் அந்த ஒரே வரியில் காட்சி முழுவதும் அடங்கிவிடும்.

ஜூன் 13
கல்யாணத்தில் மாப்பிள்ளை காணாமல் போவது நாவலிலேயே உள்ளதா என்று கேட்டவருக்கு: ஆமாம், நாவலில் அப்படித்தான். 1993 அக்டோபரில் கல்யாண நேரத்துக்கு மாப்பிள்ளை ஹென்றி மறைந்துவிட, பின்னாளைய ஹென்றி ஒருவன் வந்து அவன் இடத்தில் நிற்கிறான். முகூர்த்தம் தவறவில்லை.

ஜூன் 16
இதை மும்பைக்கு மாற்றித் தமிழில் ஒரு நாவல் எழுதினால் எப்படியிருக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதலாம். நம் நகரத்தில் கால இயந்திரமே இல்லாமல் காதலர்கள் ஒருவரையொருவர் தவறவிட வழி இருந்தது.

1906 தொடக்கத்தில் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது, கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். பம்பாய் அதை ஏற்கவில்லை. நகரசபை தன் பழைய பம்பாய் நேரத்தையே வைத்துக்கொண்டது: கிரீன்விச்சைவிட 4 மணி 51 நிமிடம். 1955 வரை இது ஒழியவில்லை. வித்தியாசம் 39 நிமிடம். 1930இல் ஒருவன் “மாலை 5 மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள்” என்று சீட்டு எழுதினால், அவன் ரயில்வே கடிகாரக்காரனா, நகரசபைக் கடிகாரக்காரனா என்று பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்பாய் நேரத்தின் 5 மணி ரயில் நேரத்தில் 5.39. அவள் வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கலாம். அவன் ‘சரியான நேரத்துக்கு’ வந்து வெறும் பெஞ்சைப் பார்த்திருக்கலாம். 1906க்கு முன்னால் போனால் இன்னும் சிக்கல். அப்போது ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், அது பம்பாயைவிட 30 நிமிடம் முன்னால்.

1944 ஏப்ரல் 14ஐ எடுக்காமல் இந்த நகரத்தில் காலப்பயணக் காதல் எழுத மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்த நாள். பஞ்சுப் பொதியும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில், கூடவே தங்கக் கட்டிகள். மாலை 4 மணி தாண்டி முதல் வெடிப்பு, அரை மணிக்குள் இரண்டாவது. நாடு முழுக்க ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீயணைப்பு வாரம் அனுசரிப்பது அன்று இறந்த தீயணைப்பு வீரர்களை நினைத்துத்தான். எழுதுகிறவர்கள் சறுக்கக்கூடிய இடம் வெளிச்சம். “அந்தி மங்கிய ஆறரை மணி” என்று எழுதிவிடுவார்கள். போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியப் பொது நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஏப்ரல் நடுவில் மும்பையில் சூரியன் இன்றைய கடிகாரத்தில் ஏழுக்குச் சற்று முன் மறையும். அன்றைய கடிகாரத்தில் எட்டு ஆகப்போகும். ஆறரைக்கு நல்ல வெயில்.

இன்னும் சில, வேகமாக. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. 1965 கடிதத்தில் ‘மாதுங்கா 400019’ என்று முகவரி இருந்தால் கடிதம் போலி. 1957 ஏப்ரல் 1க்கு முன் அணா, ரூபாய்க்கு 16. அதன்பின் சில ஆண்டுகள் ‘நயா பைசா’. டிராம் 1964 மார்ச் 31 வரை. மின்சார ரயில் 1925 பிப்ரவரியில் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) முதல் குர்லா வரை. அதற்கு முன் உள்ளூர் ரயிலில் காதலன் வந்தால் சட்டையில் கரிப்பொடி இருக்க வேண்டும். வி.டி. நிலையம் சி.எஸ்.டி. ஆனது 1996இல். 1980க்குப் போன கதாநாயகி ஆட்டோக்காரரிடமோ யாரிடமோ இன்றைய பெயரில் ‘சி.எஸ்.எம்.டி.’ என்றால் ஒருவருக்கும் புரியாது. கதைக்கு அது நல்ல தருணம், விட்டுவிடாதீர்கள். சுதந்திர இந்தியாவில் 500 ரூபாய்த் தாள் 1987க்கு முன் கிடையாது.

ஜூன் 17
துணிப் பிரச்சினையை மறந்துவிட்டேன்.

நாவலில் ஹென்றி அம்மணமாக வந்து விழுகிறான். அதனால் பூட்டு உடைக்கவும் ஜேப்படி செய்யவும் கற்றிருக்கிறான், தன் சின்ன வயது உருவத்துக்கே கற்றும் கொடுக்கிறான். கிடைக்கும் பேண்ட் எதுவும் அளவு சேர்வதில்லை. கிளேர் புல்வெளியில் ஒரு பெட்டியில் துணி வைக்கிறாள், அதுதான் அந்தக் காதலின் முதல் செயல். எனக்கு நாவலில் மிகப் பிடித்த பொருள் அந்தப் பெட்டி.

தமிழில் இதற்கு வேட்டி இருக்கிறது. அளவே கிடையாது; எந்த வயதில் வந்தாலும், ஒல்லியோ தடியோ, பொருந்தும். நாலு முழம் ஏறத்தாழ 1.8 மீட்டர், ஒரு டிபன் டப்பாவில் மடித்து வைக்கலாம். எட்டு முழம் வேண்டாம், மடிப்புப் பெரிதாகும், ஓடவும் முடியாது. 1920இலும் 2020இலும் அதே வேட்டி. மாதுங்கா கோயில் தெருவில் எந்த ஆண்டில் நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பொருந்தும் வேறு ஆடை ஆண்களுக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

இடம்தான் கிடைக்காது. சிகாகோவில் அவனுக்கு ஆளில்லாத வாகன நிறுத்தங்களும் சந்துகளும் பூட்டிய நூலகத் தளங்களும் இருக்கின்றன. மும்பையின் ‘சால்’ என்ற வரிசை அறைக் குடியிருப்பில் ஒரு மாடிக்குப் பத்து அறை, பொதுக் கழிப்பறை, இரவு இரண்டு மணிக்கும் வராந்தாவில் ஆள் படுத்திருக்கும். தாதர் நிலையத்தில் வந்து விழுந்தால் கதை அங்கேயே முடிந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அதுவும் தண்ணீர் திறந்துவிடும் நேரம் தவிர்த்து. தண்ணீர் நேரத்துக்குக் கட்டடமே மேலே நிற்கும்.

ஜூன் 21
இந்தக் காத்திருத்தலுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. முல்லை. இருத்தல்தான் அதன் உரிப்பொருள்.

முல்லைப் பாட்டுகளில் தலைவன் ஒரு தேதி சொல்லிவிட்டுப் போகிறான்: கார்காலம் தொடங்கும்போது வருவேன். பட்டியல் கொடுத்துவிட்டுப் போன ஹென்றியைப் போலத்தான். மழை வருகிறது, கொன்றை பூக்கிறது, அவன் வரவில்லை. அப்போது தோழி ஒரு பொய் சொல்கிறாள்: இது கார் இல்லை, காலம் தவறிப் பெய்த மழை, இந்த அசட்டுக் கொன்றை அதை நம்பி ஏமாந்து பூத்துவிட்டது. செடி நேரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதாம். குறுந்தொகையில் இப்படி ஒரு பாட்டு உண்டு.

மும்பையில் தோழிக்குப் பொய் சொல்லும் வேலையே இருக்காது. இங்கே கொன்றை, மராத்தியில் பஹாவா, ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் மழைக்கு முன்னாலேயே பூத்துத் தொங்குகிறது. மழை ஆனியிலேயே வந்துவிடும். ஊரிலோ கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். ‘கார் வரும்போது வருவேன்’ என்று இங்கிருந்து திருநெல்வேலிக்கு எழுதினால் எந்த ஊர்க் கார் என்று கேட்க வேண்டியிருக்கும். 39 நிமிடம் இங்கே இரண்டு மாதமாகிறது.

நாவலுக்குத் திரும்புகிறேன். கிளேருக்கு அந்தத் தோழி இல்லை. எனக்குக் கோபம் இதில்தான். சங்கப் பாட்டில் தோழி வெறுமனே ஆறுதல் சொல்கிறவள் இல்லை. தலைவனை மறித்துக் கேட்கிறவள்: எத்தனை நாள் இப்படி ஒளிந்து வருவாய், எப்போது மணம் செய்வாய், இவள் மெலிவது உனக்குத் தெரிகிறதா? வரைவு கடாதல் என்று அதற்கு ஒரு துறையே உண்டு. புல்வெளியில் பன்னிரண்டு வருடம், 152 தேதி. “இந்தப் பெண்ணிடம் எதற்காக இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்கிறாய்?” என்று ஹென்றியை நிறுத்திக் கேட்க ஒருவர் வேண்டும். ஒரே ஒரு பெண் பாத்திரம், கிளேர் வயதுத் தோழி, எல்லாம் தெரிந்தவள், அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அவனுக்குத் துணி தராமல் கேள்வி கேட்டிருந்தால் இந்த நாவல் வேறு உயரத்தில் இருந்திருக்கும்.

ஜூன் 24
முதல் குறிப்பில் கிளேருக்கு வழியே வைக்கவில்லை என்று எழுதினேன். இரண்டாம் முறை படித்ததில் அது முழுக்கச் சரியில்லை என்று படுகிறது.

கருச்சிதைவு ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்த பிறகு, இனி வேண்டாம் என்று ஹென்றி கருத்தடை அறுவை செய்துகொள்கிறான். அவளைக் கேட்டுச் செய்ததில்லை. பிறகு ஓர் இரவு, அறுவைக்கு முந்தைய காலத்து ஹென்றி வந்து சேர்கிறான். கிளேருக்கு அவன் எந்தக் காலத்தவன் என்று தெரிகிறது. அவர்கள் மகள் ஆல்பா அப்படித்தான் உண்டாகிறாள். காலம் எப்போதும் அவளைக் காக்கவைத்தது. இந்த ஒரு முறை அவள் அதைத் தனக்காகப் பயன்படுத்திக்கொண்டாள். சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். கணவன் தனியாக எடுத்த முடிவுக்கு மனைவி தனியாகக் கொடுத்த பதில் என்று நான் படிக்கிறேன். இரண்டும் பேசாமல் செய்த காரியம்தான், அதனால் இந்தத் திருமணத்தில் இருவருக்கும் உள்ள தனிமை இங்கே மற்ற எல்லா இடத்தையும்விட நன்றாகத் தெரிகிறது.

ஆல்பாவுக்குத் தன் பயணத்தை ஓரளவு கட்டுப்படுத்த முடிகிறது. அப்பாவுக்கு வாய்க்காதது. நாவலின் பிற்பகுதியில் மூச்சு விட முடிவது அவள் வரும் பக்கங்களில்தான்.

ஜூன் 30
கடைசிக் கடிதம். கேள்வி கேட்டவர் இதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரியும்.

இறக்கப்போவது தெரிந்த ஹென்றி கிளேருக்கு ஒரு கடிதம் எழுதிவைக்கிறான். காத்திருக்காதே, சுதந்திரமாக வாழ் என்கிறான். அதே கடிதத்தில், நீ முதியவளாக இருக்கும்போது ஒருமுறை உன்னைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறான்.

இரண்டில் ஒன்றைத்தான் எழுதியிருக்க வேண்டும். சந்திப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு 2007இலிருந்து முன்னால் ஒரு வெற்றுத் தாள் இருந்திருக்கும், எதையும் வரைந்திருக்கலாம். சொல்லிவிட்டான். 46 ஆண்டு. கிராஃப் தாளில் அந்த ஒற்றைப் புள்ளி வரை 92 மில்லிமீட்டர், கிளேரின் கோடு மட்டும் தனியாகப் போகிறது.

ஆனாலும், அதைச் சொல்லாமல் இருக்க அவனால் முடிந்திருக்குமா? நடந்ததை மாற்ற முடியாது என்பது அவனுடைய நாக்குக்கும் பொருந்தும் விதி. 2053இல் அவள் காத்திருந்ததை அவன் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டான். எழுதியாக வேண்டும். இதை நினைத்ததும் அவன்மேலிருந்த கோபம் பாதியாகக் குறைந்து, அந்த விதியை உண்டாக்கிய ஆசிரியர்மேல் போய் நிற்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அந்த விதியை மீறாததற்காகவே அவரை மதிக்கிறேன். இரண்டையும் விட முடியவில்லை.

ஜூலை 1
மொழிபெயர்க்கிறவர் கேட்டிருக்கிறார்: கடைசிக் காட்சியில் கிளேருக்கு 82, ஹென்றிக்கு 43. ‘நீங்க’வா, ‘நீ’யா?

குழந்தையாக ‘நீங்க’, இருபதில் ‘நீ’ என்று முன்பு சொன்னேன். இப்போது அவன் அவள் மகள் ஆல்பாவைவிடச் சின்னவன். ஆல்பாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 82 வயதுப் பாட்டி 43 வயது ஆளைப் பார்த்தால் நம் வீடுகளில் ‘வாப்பா’ என்பார்கள். அது மகனைக் கூப்பிடுவது, வேண்டாம். ‘வாங்க’ என்றால் விருந்தாளி. ‘வந்துட்டீங்களா’ என்றால் மறுபடி அந்தப் புல்வெளிக் குழந்தை, அழகுதான், ஆனால் நடுவில் வாழ்ந்த பதினைந்து ஆண்டு அதில் இல்லை.

‘வந்தியா’ என்று போடுங்கள். கேள்விக்குறி வேண்டாம்.